புஸ்பராணி போடாத கையெழுத்து

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் என்று எழுதியிருந்த தாளை டொக்டர் இரண்டாவது தடவையும் நீட்டினார். புஸ்பராணி பேனையைத் தொடவில்லை.

யோனிக்குள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. நோவு கிடையாது. மாசி மாதம் அதில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். தசைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று ஒற்றை வரியில் ரிப்போட் வந்தது. கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர்.

"எத்தின தரம் சொல்லுற ஐயா? நாவலடியில இருக்கக்குள்ள, சுனாமிக்கு முந்தின மாசம், இதே இடத்தில ஒண்டு எடுத்தவங்க. கெட்ட கட்டியில்லயெண்டு ரிப்போட்டும் தந்தவங்க."

"அந்த ரிப்போட் எங்க?"

"வீட்டோட கடல் கொண்டு போயிற்று."

"அப்ப நான் எத வெச்சு நம்புற?"

தன்னாமுனை வீட்டுக்குத் திரும்பினால் கணவன் கனகசிங்கம் வேறு. தோணியை வாவிக்கரையில் போட்டுவிட்டு, அவள் செத்தே போனாற்போல் ஊரெல்லாம் அழுதுகொண்டு திரிந்தான். "டொக்டர் சொன்னா கேளன் புள்ள!"

"இன்னொருக்கா அழுதீங்களெண்டா சோறு இல்ல."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைக் கிளறிக்கொண்டே, "என்ன வருத்தம்?" என்றான். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. எந்த இடத்தில் என்ன கட்டி என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். பை உடனே கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் டொக்டரிடம் போகவில்லை. நேரே ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே புதிதாக வந்திருந்த டொக்டர் றுமானாதான் முதன்முதலாக அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ரிப்போட் போனாலும் கட்டி போயிருக்காது அக்கா. அந்தத் துண்ட மெழுகில பதிச்சு வெச்சிருப்பாங்க. எங்க அனுப்பினவங்க?"

"கொழும்புக்கு. ஆனா இத்தின நாளும் ஒருத்தரும் அதக் கேக்கல்லயே!"

றுமானா கேட்டனுப்பிய பழைய துண்டு வந்து சேர வைகாசியாகிவிட்டது. வரச்சொன்ன நாளில் போனாள். ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. யுத்தம் முடிந்ததென்று அரசாங்கம் விடுமுறை விட்டிருந்தது. தெருவில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்காலில் இருந்த தங்கச்சியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சந்தோசப்படுவதா, ஒப்பாரி வைப்பதா, பஸ் தேடுவதா என்று தெரியாமல் வெயிலில் நின்றாள்.

மறுநாள் றுமானா மாசியில் வெட்டிய துண்டை நுணுக்குக்காட்டியில் பெருப்பித்து அவளுக்குக் காட்டினார். இளஞ்சிவப்பு நார்கள், அவற்றின் குறுக்கே மெல்லிய கோடுகள்.

"கை காலில இருக்கிற மாதிரி முத்தின தசை. இருக்கக் கூடாத இடத்தில வளந்திருக்கு, அவ்வளவுதான். புற்றுநோயெண்டா கலங்கள் தோலுக்குக் கீழ நெருக்கியடிச்சுப் பெருகிக்கொண்டே இருக்கும். இதில அது ஒண்டுமில்ல. அஞ்சு வருசத்துக்கு முந்தின துண்டும் இதே மாதிரித்தான். அப்ப முழுசா எடுக்காததால திரும்ப வளந்திருக்கு. மெத்த அரிதாத்தான் இது வரும், அதான் பிழை விட்டிருக்காங்க."

"இதத்தானே டொக்டர் நான் மூணு மாசமாத் தொண்டை கிழியக் கத்தினன்!" என்று சொல்லிவிட்டுப் புஸ்பராணி அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை அது. அதற்குள் தங்கச்சியும் இருந்தாள்.

புதிய ரிப்போட்டை வாசித்த சத்திரசிகிச்சை டொக்டர், தானே கண்டுபிடித்தவர்போல் சிரித்தார். "பாத்தீங்களா, பயப்பட ஒண்டுமில்ல."

அவள் பல்லைக் கடித்தாள்.

"மிச்சக் கட்டிய எடுத்து விடுங்க ஐயா. அத மட்டும்."

ஆனி மாதம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் வீட்டில் இருந்தாள்.