துரைசாமி பார்த்த வைத்தியம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துரைசாமியின் உடம்பைக் குளிப்பாட்டி வேட்டி சுற்றிக்கொண்டிருந்தபோது, பீரோவில் கிடைத்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் ஆதிகேசவன் பந்தலுக்குள் வந்தார். பின்னாலேயே அவர் கூட்டிவந்த சப்-இன்ஸ்பெக்டர். கணியம்பாடியில் பாதிப்பேர் அந்தப் பந்தலில்தான் இருந்தார்கள்.

"இதக் குடுத்துத்தான் என் தம்பியக் கொன்னுட்டா அந்தப் பிரிசில்லா. கேஸ் போடுங்க சார்."

துரைசாமியின் மனைவி விஜயகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். சர்க்கரை நோய் ஆண்மையைத் தின்றுவிட்ட பிறகு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போவதும் வந்து சுவரைப் பார்த்துப் படுப்பதுமாக இருந்தார் அவள் கணவர். வேலூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். அவரிடம் வேலை செய்யும் பிரிசில்லாதான் இருவரையும் உட்காரவைத்து, கூச்சம் விட்டுப் பேசவும் தொடவும் சொல்லிக்கொடுத்தாள். ஊர் இதை வைத்தியம் என்றா சொல்லும்?

பிரிசில்லா மாலையோடு வாசலோரம் நின்றிருந்தாள்.

சந்தேக மரணம் என்று எழுதினால் உடம்பை அறுத்துத்தான் தருவார்கள், அந்தம்மாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மச்சாண்டார் ஆதிகேசவன் முன்னால் விஜயகுமாரி உரக்கப் பேசியதே இல்லை. துரைசாமி பிரிசில்லாவிடம் போய்வந்தது ஊருக்குத் தெரியும், அவளும் கூடப் போனது தெரியாது. வாயை மூடிக்கொண்டால் அவள் மானம் தப்பும், பிரிசில்லா மாட்டிக்கொள்வாள்.

எழுந்து நின்றாள்.

"அவரு தனியா போகல சார். நானுந்தான் போனேன். நெஞ்சு வலின்னதும் டாக்டரு மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு, நிறுத்திட்டாரு. அப்புறம்..." மூச்சு வாங்கியது. "அப்புறம் அது தேவையும் படல."

பந்தலில் யாரோ இருமினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கும் அந்த வேலூர் டாக்டருக்கும் போன் போட்டார். மாரடைப்புதான், மாத்திரையை நிறுத்தியதும் உண்மைதான். புருஷனும் பொண்டாட்டியும் சம்மதித்து டாக்டரிடம் பார்த்த வைத்தியத்தில் கேஸ் எங்கே வந்தது என்று ஆதிகேசவனைக் கேட்டுவிட்டுக் கிளம்பினார். பிரிசில்லா மாலையைப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் விஜயகுமாரிக்கு அழுகை வந்தது. அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஆதிகேசவனின் மனைவி சுந்தரி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே விஜயகுமாரியின் பக்கம் வந்தாள். விளக்குமாற்றை நிறுத்தாமல் மெல்லக் கேட்டாள்.

"அந்தம்மா எந்தெந்தக் கெழமைல இருப்பாங்க?"

"செவ்வா, வெள்ளி. மாமாவும் கூட வரணும்க்கா."

சுந்தரி தலையாட்டிவிட்டு, குடத்தில் மீதியிருந்த தண்ணீரையும் வாசலில் ஊற்றினாள்.