மாவுச்சத்து

ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு ரொட்டி ஆகாது. கடைக்கு வருகிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. அவளுக்கு இல்லை. சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் துணுக்களவு உள்ளே போனாலும் குடல் சண்டைக்கு வந்துவிடும். "ஒரு வாய் கேக் தின்னா உசுரா போயிடும்?" என்று கேட்ட அத்தையிடம், "உசுரு போகாது அத்தை, மானம்தான் போகும். பாத்ரூம் வாசல்ல காவல் நிக்க நீங்க வரீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அத்தை அவளிடம் எதுவும் கேட்பதில்லை. நிம்மதி.

குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். குடிநீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் முன்பக்கம் பார்ப்பாள். வீட்டில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

போன வருடம் முதல் மாரத்தான் ஓடினாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் ஏதாவது தின்றுகொண்டே போகாவிட்டால் கால் பாதியில் கைவிட்டுவிடும். மற்றவர்களுக்கு மேசைக்கு மேசை பிஸ்கட்டும் பிசின் போன்ற இனிப்புப் பசையும் காத்திருக்கும். அவளுக்கு உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு. அப்பாதான் ஆசை ஆசையாக அவித்தார். தனிப் பாத்திரம், தனி அடுப்பு, தனிக் கரண்டி. ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அப்புறம் எப்படி இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் சுருண்டாள்?

"என்னப்பா போட்டீங்க அதுல?"

"உப்பைத் தவிர ஒண்ணுமில்லைம்மா. ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு. சும்மா ஒரு கை மாவு தூவினேன்."

"மாவா?"

"நீதானே ஒரு வாரமா மாவுச்சத்து வேணும், மாவுச்சத்து வேணும்னு உயிரை வாங்கினே."

தமிழில் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அன்றைக்கு அவனுக்கும் நாலு விழுந்திருக்கும். அப்பாவுக்கு மாவு என்பது ஒரு பொருளே அல்ல. காற்று மாதிரி, அது பாட்டுக்கு இருக்கும். ஒட்டுகிற எதைக் கண்டாலும் கை தானாகப் போய் அள்ளித் தூவிவிடும், மூளையிடம் கேட்காது.

இந்த வருடம் அவள் பேச்சை வளர்க்கவில்லை. "என் சாப்பாட்டுப் பக்கம் உங்க கை வரவே கூடாது" என்றாள். அப்பா "சரிம்மா" என்றார். அந்தச் "சரிம்மா" அவளைக் கொஞ்சம் குத்தியது. ஆனால் இரக்கப்பட்டு இன்னொரு முறை நடைபாதையில் சுருள அவள் தயாராக இல்லை. இந்த முறையும் முடிக்காவிட்டால் இனி ஓடுவதில்லை என்று ஷூவைத் தூக்கிப் போட நாளும் பார்த்து வைத்திருந்தாள்.

ஆய்வுக்கூடத் தோழியின் வீட்டில் கிழங்கு அவிந்தது. பாதி இவள் இடுப்புப் பையில். மீதியைப் போட்ட தோள்பையோடு முப்பதாவது கிலோமீட்டரில், நீரூற்று ரவுண்டானாவில் தோழி நிற்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் சாப்பிடச் சோறும் முட்டையும் அதே தோள்பையில்.

ஓட்டம் அருமையாகப் போனது. இடுப்புப் பை காலியாகி, கால் லேசாகக் கனக்க ஆரம்பித்த நேரத்தில் ரவுண்டானா வந்தது. தோழியைக் காணோம். அப்பா நின்றிருந்தார்.

தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கழுத்தில் மாலை மாதிரி அந்தப் பை தொங்கியது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். பக்கத்தில் அம்மா.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அவ எங்கே?"

"ஸ்கூட்டரை போலீஸ் அந்தப் பக்கமே மறிச்சுட்டாங்களாம். நம்ம கடை இந்தப் பக்கம்தானேன்னு கடைக்கு ஃபோன் பண்ணா. தடுப்புக்கு மேலயே கை நீட்டி நான் வாங்கினேன்" என்றாள் அம்மா.

"அப்போ நீங்க கொடுக்க வேண்டியதுதானே? இவர் எதுக்கு?"

"இவர்தான் கொடுப்பாராம். கையால கூடாதுன்னா கழுத்தால கொடுக்கறேன்னு ஒரே பிடிவாதம்."

"கையைக் காட்டுங்கப்பா."

அப்பா திரும்பி நின்றார். மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து ஒரு புதுத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னப்பா இது?"

"என்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. இந்தக் கைமேலதான் இல்லை. அதான் அம்மாகிட்ட கட்டச் சொல்லிட்டேன்."

"இந்த ஈரம்?"

"எதிர்ல கார் கழுவுறாங்கல்ல, அங்க போய் நின்னேன். காருக்கு அடிக்கிற குழாயாலேயே அடிச்சான். காதுக்குள்ளகூட."

"மெழுகு போடவான்னு வேற கேட்டான்" என்றாள் அம்மா.

அவள் பையைப் பார்த்தாள். தோழி ஒட்டிய ஆய்வுக்கூட டேப் பிரியாமல் இருந்தது. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"புருவத்துல வெள்ளையா இருக்கு."

"அது நரைம்மா."

சிரிப்பு அவளை மீறி வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் சாரி சாரியாகத் தாண்டிப் போனார்கள், போகட்டும். டேப்பைக் கிழித்து ஒரு கிழங்கை வாயில் போட்டாள். உள்ளே கிழங்குகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் அப்பாவின் தோள் இரண்டும் ஒரு துடி துடித்தன. கட்டு நல்ல கட்டு. நாலு கிழங்கைத் தின்று, மீதியை இடுப்பில் திணித்துக்கொண்டாள்.

"சோறு பைலயே இருக்கட்டும். முடிக்கிற இடத்துக்கு வந்துடுங்க."

"கட்டை அவிழ்த்துடவாடி?" என்றாள் அம்மா.

"நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவிழ்க்காதீங்க."

கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் கால் கெஞ்சியது, முட்டி திட்டியது. வயிறு மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லைக்கோட்டருகே கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. கைதட்ட முடியாத ஒரே ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார், கழுத்துப் பை நெஞ்சில் மோத மோத. கோட்டைத் தாண்டியவள் நேராக அவரிடம் போய், கழுத்துப் பையைத் திறந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு போலீஸ்காரர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "யாரும்மா இவரைப் பிடிச்சது?"

"நான்தான் சார்" என்றாள் அவள், வாய் நிறையச் சோற்றோடு.