புனித டன்ஸ்டன் ஆலயத்தின் முன்வரிசை

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாள் காலையில், பிரையர் ஃபோர்க் ஊரின் புனித டன்ஸ்டன் ஆலயத்தில் ஒரு பெஞ்சு முளைத்திருந்தது. பன்னிரண்டு வரிசை இருந்த இடத்தில் பதின்மூன்று. மற்றவற்றைப் போலவே ஓக் மரம், அதே மெழுகு வாசனை. பாட்டுப் புத்தகம் செருகும் தட்டில் பாதி தேய்ந்த பென்சில்கூட இருந்தது. பலிபீட மகளிர் குழுவின் தலைவி யூடோரா ஃபென்விக் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, தூசி அதிகம் என்று மட்டும் குறை சொன்னார். முந்தைய நாள்தான் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அடுத்த குடும்பத்தை எழுதியதும் பதினான்காவது பெஞ்சு வந்தது. அதற்குப் பிறகு ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை. நில அளவைக்காரர் வந்து நாடா பிடித்துப் பார்த்தார். வெளியே ஆலயம் எப்போதும்போல அறுபத்திரண்டு அடிதான், உள்ளேதான் நீண்டுகொண்டிருந்தது. அப்படியானால் நகரசபையில் கட்டட அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று சபைக் குழு நிம்மதியடைந்து, காபி இயந்திரத்தை மாற்றுவது பற்றிப் பேசப் போய்விட்டது.

ஆற்றுக்கு அக்கரையில் பேட்டரித் தொழிற்சாலை வந்த காலம் அது. நான்கு வருடத்தில் இருநூற்றேழு குடும்பங்கள் சேர்ந்தன, இருநூற்றேழு பெஞ்சுகள் முளைத்தன. எல்லாம் முன்வரிசையிலேயே முளைத்தன என்பதுதான் சிக்கல். எங்கள் எபிஸ்கோப்பல் சபைக்காரர்கள் முன்னால் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. வேதத்திலும் இல்லை, ஜெபப் புத்தகத்திலும் இல்லை. புதிதாக வந்தவர்கள் முதல் ஞாயிறு வெகுளித்தனமாக முன்னால் போய் உட்காருவார்கள், முதுகில் நூறு கண் குத்துவதை உணர்வார்கள், அடுத்த ஞாயிறே பின்னால் வந்து இடித்துக்கொண்டு உட்காருவார்கள். இப்படியாக, கடைசிப் பன்னிரண்டு வரிசையில் மூச்சுவிட இடமில்லை, வாசலில் மடக்கு நாற்காலிகள் போட்டாயிற்று, நடுவில் இருநூற்றேழு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன, அவற்றுக்கெல்லாம் அப்பால் பலிபீடம். எங்கள் ஆயர் மதர் ஃபிலிப்பா அங்கே கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார். ஒலிபெருக்கி புண்ணியத்தில் குரல் மட்டும் வந்தது. கையைத் தூக்கி ஆசீர்வதித்தால் ஈ ஓட்டுகிறாரோ என்று தோன்றும். நற்கருணை அப்பமும் ரசமும் வாங்கப் பலிபீடக் கிராதிவரை போய்த் திரும்புவதற்குள் பாடகர் குழு ஒரே பாட்டை ஒன்பது முறை பாடித் தீர்த்தது. ஆராதனை முடிந்து கெளுத்தி மீன் கடைக்குப் போனால் பாப்டிஸ்ட் சபையார் எல்லா மேசைகளையும் பிடித்துவிட்டிருப்பார்கள். ஊரில் மூன்று தலைமுறையாக நாங்கள்தான் முதலில் போய் உட்காருவோம். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதில் உண்மையிலேயே அடிபட்டவர் வென்டல் கிராப்ட்ரீ. தபால்காரராக நடந்து நடந்து இரண்டு முட்டிகளையும் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கடைசிப் பெஞ்சின் இடது ஓரம் நாற்பத்தொரு வருடமாக அவருடையது. அதில் முப்பத்தைந்து வருடம் பக்கத்தில் மனைவி லொரீன் இருந்தார். லொரீனை அடக்கம் செய்த வாரம்கூட வென்டல் கிராதியில் வந்து முழங்காலிட்டுக் கை நீட்டத் தவறவில்லை. ஆனால் நான்காம் வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு, எல்லோரும் எழுந்து வரிசையில் போக, அவர் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு எழாமலே இருந்துவிட்டார். மதர் ஃபிலிப்பா அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனார்.

“மிஸ்டர் வென்டல், உங்க இடத்துக்கே நான் கொண்டு வந்து தர்றேனே. இதுல என்ன இருக்கு?”

“நோயாளிக்குத்தான் அப்படிக் கொண்டு போவாங்க, மதர். எனக்கு நோய் இல்ல. தூரத்துல இருக்கேன், அவ்வளவுதான்.”

மதர் ஃபிலிப்பா காரில் உட்கார்ந்து அழுததாகச் சொல்கிறார்கள். சபை வளர வேண்டுமென்று தினமும் ஜெபித்தவர் அவர்தான்.

அதன்பின் சபை கூடியது. கூடும்போதெல்லாம் செய்வதுபோல ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்து எடுத்து வந்தார்கள். கோல்ஃப் மைதானத்து வண்டியை உள்ளே ஓட்டலாம் என்று ஒருவர் சொல்ல, கம்பளத்தின்மேல் சக்கரம் ஏறினால் தன் பிணத்தின்மேல் ஏறட்டும் என்றார் யூடோரா. அவரிடம் வேறு யோசனை இருந்தது. வென்டலின் முட்டிக்கு ஒரு வழி பிறக்கும்வரை பதிவேட்டைப் பூட்டி வைப்போம். புதுப் பெயரும் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அடுத்து எழுத வேண்டிய குடும்பம் நைஜீரியாவிலிருந்து வந்த நர்ஸ் இஃபியோமாவுடையது. நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல பரிசுத்தவான்கள் ஞாயிறன்று அவள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வென்டல் மேசையைப் பிடித்து எழுந்தார்.

“ஏம்மா யூடோரா, என் முட்டிக்காக ஒரு பச்சப்புள்ளய வாசல்லயே நிறுத்தி வைக்கச் சொல்றியா? என் பேரச் சொல்லிக் கதவ சாத்தினீங்கன்னா நான் பாப்டிஸ்ட் சபைக்குப் போயிடுவேன், பாத்துக்க.”

“போய்த்தான் பாரேன்! முழுசா தண்ணியில முக்கி எடுப்பாங்க. உன் வயசுக்கு நிமோனியாதான்.”

“முக்கட்டும். நான் நடந்துக்கறேன். நீ பதிவேட்டத் தொற.”

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு வென்டல் கிளம்பினார். கைத்தடி ஒரு கையில், பெஞ்சு ஓரம் ஒரு கையில். அறுபதாவது பெஞ்சு வந்தபோது கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறு ஞாயிறு வந்ததும் அந்த அறுபதாவது பெஞ்சுக்கே போய் உட்கார்ந்து, நற்கருணை நேரத்தில் அங்கிருந்து விட்ட நடையைத் தொடர்ந்தார். தபால் வேலையில் கற்றதாக இருக்கலாம். இஃபியோமா குழந்தையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நூற்றுப்பதினைந்தாவது பெஞ்சில் அவர் மூச்சு வாங்கும்போது கேட்டாள்.

“அந்தக் கடைசி பெஞ்ச இத்தனை வருஷமா விடாம புடிச்சிக்கிட்டிருந்தீங்களே, லொரீன் அம்மாவுக்காகவா?”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்காங்க. அவளுக்கு முன்னாலதான் உக்காரணும்னு ஆசை. பாடறவங்க முகத்தப் பாக்கணும்பா. பாட்டு முடியறதுக்குள்ள நழுவிப்போயி மீன் கடையில எடம் புடிக்கணும்னு நான்தான் அவளப் பின்னாலயே வச்சேன்.”

“அட பாவி மனுஷா! மீனுக்காகவா?”

“மீனுக்காகத்தான்” என்றார் வென்டல். இஃபியோமா குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

அவர் நடக்கத் தொடங்கிய மூன்றாம் ஞாயிறு அவர்களைச் சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் தனியாக விட மனமில்லாமல் பாதிப் பேர், நடந்து அலுத்துப்போய்ப் பாதிப் பேர். இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். யூடோரா வந்து, இந்த வரிசைகளுக்கு மெழுகு போட்டு யுகமாகிவிட்டது என்று திட்டிக்கொண்டே வென்டலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான்காம் ஞாயிறு, அதுதான் சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு, மடக்கு நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. இஃபியோமாவின் குழந்தை தலையில் தண்ணீர் விழுந்ததும் மேற்கூரை அதிர வீறிட்டது. அதன்பின் வென்டல் எழுந்து, மிச்சமிருந்த தூரத்தை நடந்து, கிராதியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலிட்டார். உள்ளங்கையில் மதர் ஃபிலிப்பா வைத்த அப்பத்தை வென்டல் வாயில் இட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, வாசல் கண்ணுக்கே தெரியாத அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “அவ்வளவு தூரம் யாரு போறது” என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பாடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். கடைசிப் பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

மறுநாள் இருநூற்றிருபதாவது பெஞ்சு முளைத்தது. அடுத்த ஞாயிறு வென்டல் ஒரு வரிசை முன்னால் தள்ளி உட்கார்ந்தார். சபையும் தள்ளி உட்கார்ந்தது. பேராயருக்கு அனுப்பும் வருடாந்தர அறிக்கையில் மதர் ஃபிலிப்பா எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினார். பெஞ்சுகள் முளைப்பது குறித்துத் தமக்கு ஐயமில்லை என்றும், முன்வரிசை நிரம்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்ப முடியாது என்றும் பேராயர் பதில் போட்டார். லெந்து எனும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்தார். நெடுநேரம் நடந்து, மேலங்கி வியர்வையில் ஒட்ட முன்னால் வந்து சேர்ந்தார். முதல் பெஞ்சில் வென்டலும் இஃபியோமா குடும்பமும் யூடோராவும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுக்க ஒருவரும் அசையவில்லை. பேராயர் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்.