கன்னத்துத் தூசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, மன்னிப்புக் கடிதமாகப் பிறந்தது. ஓட்டமாவடி றிஷாட் கல்லடிக்கு என் வீடு தேடி வந்து, நீங்கள் எழுதுகிற ஆள்தானே சேர், பணிவாக இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்றார். எழுதுகிறவனிடம் இரண்டு வரி கேட்பதன் ஆபத்து அவருக்குத் தெரியவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: வாவியின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை

(வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் ஒருவரும் வாவியைப் பார்ப்பதில்லை. எல்லாரும் கணினித் திரையைப் பார்க்கிறார்கள்.)

இரண்டாம் முயற்சி: பழைய ஜப்பானிய அனிமேத் தொடர்களைக் கையால் வரைந்து பிலிமில் படம்பிடித்தார்கள். இப்போது அந்தப் பிலிமை மிகத் துல்லியமாகப் பிரதியெடுத்து, புளூ-ரே தட்டுகளாக விற்கிறார்கள். துல்லியம் வந்தால் அழுக்கும் துல்லியமாகத் தெரியும். நாற்பது வருடத்துத் தூசி, மயிர், கீறல் எல்லாவற்றையும் ஒவ்வொரு படமாக, வினாடிக்கு இருபத்துநான்கு படம் என்ற கணக்கில், துடைக்க ஆள் வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கம்பனி அந்த வேலையை றிஷாட்டிடம் கொடுத்தது. றிஷாட் தக்ஷாயினியிடம் கொடுத்தார். அவள் குருக்கள்மடத்தில், தன் அறையில் இருந்து துடைத்தாள்.

கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

3

தொடரின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. வானத்தில் கப்பலோட்டும் ஒரு குடும்பம், அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை, அவ்வளவு போதும். ஒன்பதாம் பகுதியில் ஒரேயொரு படத்தில் குழந்தையின் இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அடுத்த படத்தில் இல்லை. தூசி. யாராக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

தக்ஷாயினி துடைக்கவில்லை. அந்தக் காட்சியின் மற்றப் படங்களிலும் புள்ளியை வைத்தாள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள். குழந்தை தலையைத் திருப்பினால் புள்ளியும் திரும்பும், சிரித்தால் கன்னத்தோடு மேலே ஏறும். அவ்வளவு சுத்தமான வேலை.

தட்டு வெளியானது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அது ஓவியரின் தொலைந்துபோன மூல எண்ணம் என்றார் ஒருவர். வில்லனுக்கும் மச்சம் இருப்பதால் குழந்தை அவனுடைய வாரிசு என்று இன்னொருவர் நான்கு பக்கம் எழுதி நிறுவினார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும், தவறினால் வேலை வேறு ஊருக்குப் போகும் என்று கம்பனி எழுதியது.

4

நான் எழுதிய கடிதம்: "எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக் கண்ணூறு படாமல் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பது வழக்கம். எமது பணியாளர் தூசியைப் பொட்டென்று எண்ணி, மற்றப் படங்களில் அது அழிந்துவிட்டதாகக் கருதி, நல்லெண்ணத்துடன் சீர்செய்துவிட்டார். இது பிழை. மறுபதிப்புக்காக உடனே நீக்கித் தருகிறோம்."

றிஷாட்டுக்குப் பரம திருப்தி. ஒன்பதாம் பகுதியைச் சரிபார்த்து அனுப்பியதே அவர்தான் என்பதை அப்போதுதான் சொன்னார்.

"எனக்கும் அது வித்தியாசமாப் படல்ல சேர். பிள்ளையெண்டாப் பொட்டு இரிக்கும்தானே."

5

இதுவரை தக்ஷாயினி ஒன்றும் தெரியாத அப்பாவியாக வந்திருக்கிறாள். அது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த நாள் அவளே றிஷாட்டோடு வந்து கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"தூசி எண்டு எனக்குத் தெரியும் சேர்."

(இந்தக் கதையின் நாலாம் பகுதியை, அந்தக் கடிதத்தை, இனித் திருத்தி எழுத வேண்டும். பஞ்சியாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.)

கம்பனி பகுதிகளை வரிசைப்படி அனுப்பவில்லையாம். இருபத்துமூன்றாம் பகுதிதான் அவளுக்கு முதலில் வந்திருக்கிறது. அதில் அந்தக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், பிழைக்குமா என்றே தெரியாது. அதன் பிறகுதான் ஒன்பதாம் பகுதி வந்தது.

"காய்ச்சல் வரப்போகுது எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது, சிரிச்சிட்டுக் கிடக்கு. அந்தத் தூசி பொட்டு மாதிரிக் கிடந்திச்சு, துடைக்க எனக்கு மனசு கேக்கல்ல."

இந்த இடத்தில் அவளுக்கும் காய்ச்சலில் ஒரு பிள்ளை இருந்ததாக எழுதினால் நீங்கள் அழுவீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்று மாதமாக இந்த ஒரு முகத்தைத்தான் தினமும் பார்த்திருக்கிறாள்.

பிழை என்று எழுதினால் உன் வேலை தப்பும் என்றேன்.

"ஓம். அப்பிடி எழுதினா மறுகா அதை நான்தான் அழிக்கவேணும். வைச்ச கையால அழிக்க எனக்கு ஏலா."

என் கடிதத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

6

முடிவு ஒன்று: கம்பனி நெகிழ்ந்துபோய்ப் பொட்டை விட்டுவிடுகிறது. (நெகிழ்ந்த கம்பனியை நான் இதுவரை கண்டதில்லை.)

முடிவு இரண்டு: உண்மையை எழுதுகிறோம். தக்ஷாயினிக்கும் றிஷாட்டுக்கும் வேலை போகிறது, பொட்டும் போகிறது. வேறெங்கோ ஓர் ஆள் அதைத் தூசியென்று துடைக்கிறான்.

மூன்றாவது முடிவல்ல, நடந்தது. வெள்ளிக்கிழமை காலை, தக்ஷாயினி கஷ்டப்பட வேண்டாம், நானே அழிக்கிறேன் என்று றிஷாட் என் மேசையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தார். பதினொரு படம் அழித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சேர், நீங்க கொஞ்சம் செய்யுங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். நான் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை.

ஆகவே உங்கள் பக்கம் திருப்புகிறேன். இன்னும் ஆயிரத்து நூற்று இருபத்தொன்பது படங்கள் இருக்கின்றன. அழிப்பதென்றால் அழியுங்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் குழந்தை உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கும்.