பகலில் நடந்த விடிவெள்ளி

ராஜலிங்கத்தின் தலையை நாவிதர் மூன்றாவது தடவையாகக் கீழே அழுத்திப் பிடித்தார். கத்தி காதோரம் வரும் நேரம் பார்த்துப் பையன் அண்ணாந்தால் அவர்தான் என்ன செய்வார்? அப்பனைப் பறிகொடுத்த துக்கத்தில் ஆகாயத்தை வெறிக்கிறான் என்று கிணற்றடியில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவன் பனியைத் திட்டிக்கொண்டிருந்தான். ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கண்டி நகரையே போர்த்திக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஏழேகால் மணியிலிருந்து சுக்கிரன் சூரியனைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது.

1874ஆம் ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை. இந்த நாளுக்காக அவன் ஒரு வருஷம் காத்திருந்தான். எட்டு வருஷம் கழித்து மறுபடி நடப்பது இலங்கையில் தெரியாது. அதை விட்டால் இன்னும் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகும். கல்லூரியில் தோட்டத்துக் கிளார்க்குமாரின் பிள்ளைகளுக்கு நடுவே படிக்கும் ஒரே வண்டிக்காரன் மகன் அவன். பந்தாட்டத்தில் பந்து தலைக்கு மேல் வந்தாலும், பந்தை விட்டுவிட்டுப் பகல் நிலாவைப் பார்ப்பான். 'சுக்கிராச்சாரி' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அவனைவிட அதிகம் துள்ளியவர் அவன் அப்பா பழனியாண்டி. ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களிலிருந்து கண்டி ரயிலடிக்குக் கோப்பி மூட்டை ஏற்றிவரும் அந்த மனிதருக்கு விடிவெள்ளிதான் கடிகாரம். நான் மாடு பூட்டுற வெள்ளியா சூரியன்மேல நடக்கப்போகுது என்று நூறு தடவையாவது கேட்டிருப்பார். வண்டிப்பேட்டை முழுக்கத் தண்டோரா போட்டார். கண்ணாடித் துண்டுகளை விளக்குப் புகையில் கருக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். சிரித்தவர்களிடம், என் மகன் வாயில் பொய் வராது என்று மல்லுக்கு நின்றார். பிறகு ஐந்து நாள் காய்ச்சல். இன்று விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று ராஜலிங்கத்துக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மழித்து முடிந்த தலையோடு அவன் எழுந்தபோது பெரியப்பா செல்லப்பா வந்து நின்றார்.

"தம்பி, ஒங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சானே, அது கிரகணந்தானே?"

கிரகணமென்றால் அது விடும்வரை கொள்ளி வைக்கக் கூடாது. விட்டதும் பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும். ஆகவே ஒன்றரைக்குத்தான் எடுக்க முடியும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார்.

ராஜலிங்கம் பனியை அண்ணாந்து பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பனி எப்படியும் பதினொரு மணிக்குள் விலகிவிடும். இதே முற்றத்தில் நின்று கடைசி நொடிவரை பார்க்கலாம். யார் குறை சொல்லப்போகிறார்கள்? அப்பாவே எழுந்து வந்தாலும் பாரடா என்றுதான் சொல்வார்.

உள்ளே அம்மா வீரம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எடுக்கும்வரை குடிக்கப்போவதும் இல்லை. வாசலில் வண்டிக்காரர்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நஸீம் நானாவும் நின்றார். இருபது வருஷமாக அப்பாவின் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியை ஓட்டியவர் அவர்.

"இல்ல பெரியப்பா. கிரகணம் இல்ல. மிளகு அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். வெளிச்சங்கூட மங்காது. எமகண்டம் கழிஞ்சதும் எடுத்துரலாம்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. விடியலில்கூட வராத அழுகை. எது போனதற்காக அழுகிறோம் என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதரைக்குப் பாடை கிளம்பியது. தூக்கியவர்கள் அத்தனை பேர் மடியிலும் கருக்கிய கண்ணாடி இருந்தது. பனி கொஞ்சம் வெளுத்தாலும் எல்லா முகமும் மேலே போய்விடும். பாடை சாலையின் ஓரத்துக்குப் போய்விடும். தப்படிக்கிறவன்கூட ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அடித்தான். பெரியப்பா திட்டித் தீர்த்தார். முன்னால் நெருப்புச் சட்டியோடு நடந்த ராஜலிங்கத்துக்கு, இந்த ஊர்வலத்தைப் பார்த்தால் அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று தோன்றியது.

மகாவலிக் கரையில் சடங்கெல்லாம் முடிந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. பனி விலகவில்லை. குடத்தை உடைத்தான். முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிச் சிதையில் கொள்ளி வைத்தான்.

"திரும்பிப் பாக்காம நடப்பா," என்றார் பெரியப்பா.

பத்து அடி நடந்திருப்பான். காலுக்கு முன்னால் மணலில் திடீரென்று அவனுடைய நிழல் விழுந்தது. குட்டையாக, மொட்டைத் தலையோடு. பின்னால் வண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கழுத்து தானாகத் திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

நஸீம் நானா ஓடி வந்து அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். சேர்ந்தவர் முன்னால் பார்த்து நடக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார்.

"மகன், தெரியிது. மெய்யாவே தெரியிது. சோத்தாங்கைப் பக்கம், மேல் ஓரத்துல."

"ஓரத்தத் தொட்டுருச்சா நானா? நடுவுல வெளிச்சம் இருக்கா?"

"நூல் மாதிரி இருக்கு." இரண்டடி நடந்தார். "இப்ப இல்ல. ஒட்டிட்டுது."

ராஜலிங்கம் விடவில்லை. வட்டமாக இருக்கிறதா, எவ்வளவு கறுப்பு, ஓரத்தில் எவ்வளவு வெளியே போயிற்று என்று மூச்சு விடாமல் கேட்டான். அவரும் ஒன்று விடாமல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தேய்ந்து நின்றுவிட்டது. கண்ணாடி எப்போதோ கீழே இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் சிதை எரியும் திசையையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். என்ன தெரிகிறது என்று ராஜலிங்கம் அதற்கு மேல் கேட்கவில்லை.

பாதை கல்லும் குழியுமாக இருந்தது. அவர் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கல் வரும் இடமெல்லாம் சொல்லிச் சொல்லி நடத்திப் போனான்.