மாட்டாத தகடு

விடிந்தால் இடிக்கப் போகிற கட்டடத்துக்குள் ராத்திரி ஒன்பது மணிக்கு எவனாவது போவானா? மச்சான் போனார். அவர் பின்னாலேயே இடது காலை இழுத்து இழுத்து மாப்பிள்ளையும் போனார். காவலாளி பழைய பழக்கம். "பத்துக்குள்ள வந்துடுங்கய்யா, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நூறு வருஷத்து ஜவுளிக்கடை, நான்கு மாடி. பூட்டியே பதினோரு வருஷம் ஆகிவிட்டது. துணி அளக்கும் மேஜைகள் கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. மூலையில் தலையில்லாத பொம்மை ஒன்று கோட்டு போட்டு நின்றது. மச்சான் அதன்மேல் டார்ச் அடித்தார்.

"நம்ம மேனேஜரேதான் மாப்ள. தலையில்லாமலே எப்படி விறைப்பா நிக்கிறான் பாரு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. அதில் அவர் பெயர் வெட்டியிருந்தது. மச்சான் தேடி வந்ததே அந்தத் தகட்டைத்தான்.

இருவரும் ஒரு காலத்தில் இந்தக் கடையின் லிஃப்ட் மெக்கானிக்குகள். லிஃப்டுக்கு அடியில் பள்ளத்தில் இறங்குகிறவன், முதலில் மேல்மாடி அறைக்குப் போய் மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, தன் தகட்டை அதில் மாட்ட வேண்டும். மாட்டினவனைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் மாப்பிள்ளை ஸ்விட்ச்சை அணைத்தார். தகட்டை மாட்ட மறந்து கீழே இறங்கிவிட்டார். ஐந்து நிமிஷ வேலைதானே! மேலே வந்த மச்சான், தகடு இல்லாததால் ஸ்விட்ச்சைப் போட்டார். லிஃப்ட் இறங்கியது. மாப்பிள்ளையின் இடது கால் நசுங்கியது.

ஆஸ்பத்திரியில் மச்சான் கேட்டது ஒரே கேள்வி. "தகடு மாட்டினியா மாப்ள?"

"மாட்டினேன்."

அவ்வளவுதான், ஒரு வார்த்தை. தகட்டைத் தானே கவனமில்லாமல் கழற்றிவிட்டதாக மச்சான் முடிவு கட்டிக்கொண்டார். லிஃப்ட் வேலையை விட்டார், பூட்டுக் கடையில் சேர்ந்தார். அன்று முதல் எந்த ஸ்விட்ச்சையும் தொட மாட்டார், வீட்டு விளக்கைக்கூட அவர் மனைவிதான் போட வேண்டும். மழையோ வெயிலோ, தினமும் காலை எட்டு மணிக்கு பைக்கோடு தங்கை வீட்டு வாசலில் நின்று மாப்பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். அந்த எட்டு மணியை விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு பத்தொன்பது வருஷமாகக் குறுகுறுத்தது.

மேல்மாடி அறையில் மச்சான் மண்டியிட்டு, துருப்பிடித்த ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார்.

"நான் கழட்டினது இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும். ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்துட்டா போதும்டா. நாளைக்கு இந்த ரூமே இருக்காது."

அறுபது வயது மனிதர் தூசியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்க மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. இன்றும் சொல்லாவிட்டால் அப்புறம் நான் என்ன மனுஷன் என்று தோன்றியது.

"எழுந்திருங்க மச்சான். அது அங்க இல்ல." பையிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினார். "நான் மாட்டவே இல்ல. அன்னிக்கே என் பையிலதான் இருந்துச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மச்சான் தகட்டை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினார். மாப்பிள்ளை இருட்டில் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒரு மாடி கீழே வெளிச்சம் நின்றிருந்தது. அவர் வந்து சேரும்வரை நின்று, மறுபடி நகர்ந்தது.

"அந்த வாசல் லைட்டை அணைச்சுட்டுப் போங்கய்யா" என்று காவலாளி குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை பழக்கத்தில் கையை நீட்டினார். மச்சான் அந்தக் கையை விலக்கினார். ஸ்விட்ச்சின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார்.

வெளியே வந்து பைக்கைக் கிளப்பினார். மாப்பிள்ளை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"நாளையிலேருந்து பஸ்ல போய்க்க," என்றார். "இப்ப ஏறு."