கேரியர் மேல் ஒரு கோடு

விஜய்பாண்டிக்கு ரிமோட் வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. இருபது வருசம் கூடலூர் ஸ்டாண்டில் ஜீப் வைத்துப் பிழைத்த மனுசன், முழங்கை நீளத்துக்கு இருக்கிற ஒரு பொம்மை ஜீப்பை ஓட வைக்க முடியாதா என்ன? அந்தத் தைரியத்தில்தான் நாகஜோதியிடம் சரி என்று தலையாட்டினார்.

நாகஜோதி அவருடைய தம்பி அழகுமலையின் பெண்டாட்டி. அழகுமலை போய்ச் சேர்ந்து இந்த ஐப்பசியோடு ஒரு வருசம். குமுளி தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப் போன ஜீப், ஏற்றத்து வளைவில் சாய்ந்து உருண்டது. ஓட்டிப் போன அழகுமலை அங்கேயே முடிந்தான். உள்ளே இருந்த பெண்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள், மாயக்காள் ஒருத்தியைத் தவிர. அவளுக்குத் தொடை எலும்பு நொறுங்கி நடை போயிற்று. மலை ஏற முடியாமல் இப்போது ஸ்டாண்டு ஓரத்தில் பணியாரம் சுட்டு விற்கிறாள்.

"வளைவை வேகமா ஒடிச்சிட்டான்" என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். முதலில் அதைச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. கூடப்பிறந்த அண்ணன் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மாயக்காள் செத்தவனை வாய்க்கு வந்தபடி வைவாள். நாகஜோதி அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்து போவாள். ஒரு வருசமாக அப்படித்தான்.

அவள்தான் அழகுமலையின் பொம்மை ஜீப் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து விஜய்பாண்டி முன்னால் வைத்தாள்.

"மச்சான், இதை ஓட வச்சுத் தாங்க. திவசம் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமை அவுக கூட்டாளிக எல்லாரும் லோயர் கேம்ப் ஆத்துப்பாறையில கூடுறாகளாம். அங்கன இருக்க வழுக்குப்பாறையில இந்த வண்டி இன்னும் ஏறுனதே இல்லையாம்."

"ஏத்திருவோம் ஜோதி. இதென்ன பெரிய விசயம்?"

அவள் பெட்டியின் மூடியை ஒரு தடவை துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அவுகளுக்கு ஓட்டத் தெரியும்னு நாலு பேராச்சும் பாக்கட்டும், மச்சான்."

விஜய்பாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பெட்டிக்குள் பாதி பிரித்துப் போட்ட வண்டி இருந்தது. இது விர்ரென்று ஓடுகிற ஜாதி இல்லை. ஆமை மாதிரி நிதானமாகப் பாறையில் கால் வைத்து ஏறுகிற ஜாதி. கிராலர் என்பார்கள். அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. என்னென்ன மாற்ற வேண்டும் என்று அழகுமலை தன் கோழிக்கிறுக்கலில் எழுதி வைத்திருந்தான். முன் சக்கரத்துக்குப் பித்தளை. ஸ்டியரிங் திருப்புகிற சர்வோ மோட்டார் பெரிதாக. டயர் மெத்தென்று. பேட்டரி கீழே, முன்பக்கம். கடைசியாக ஒரு சொல், கேரியர். ஜீப் கூரை மேல் சாமான் ஏற்றுகிற கம்பித் தட்டு. அந்தச் சொல்லின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்து அடித்திருந்தான்.

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விஜய்பாண்டி கம்பத்துக்கு பஸ் ஏறினார். அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர், அழகுமலையின் கூட்டாளி. அவனுக்குப் பாறை வண்டிப் பைத்தியம் பிடிக்க வைத்ததே இவன்தான். தாளை வாங்கி அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எல்லாம் எங்கிட்டயே இருக்குண்ணே. டயரு மட்டும் மருதயில இருந்து வரணும்."

"சக்கரத்துக்கு எதுக்குடா பித்தளை? குத்துவிளக்கா செய்யப் போறோம்?"

"கனத்துக்குண்ணே. கனம் சக்கரத்துகிட்டயே கெடந்தா வண்டி சாயாது."

"கனம் வேணும்னா கேரியர் போட்டுருவோம். கேரியர் இல்லாம அது என்னடா ஜீப்பு? மொட்டைத்தலையாட்டம். பாவம், தேடிப் பாத்துக் கிடைக்காம அடிச்சிருப்பான். நீ வாங்கிப் போடு, இரும்புலயே போடு."

சிக்கந்தர் தாளை இன்னொரு தடவை பார்த்தான். "அண்ணே, அது வந்து..."

"ஏலே, நான் மலையில ஜீப்புத் தொழில் ஆரம்பிக்கும்போது நீ டவுசர் போட்டுத் திரிஞ்ச. லோடு இருந்தாத்தான்டா வண்டி தரையைப் பிடிக்கும்."

சிக்கந்தர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். விஜய்பாண்டியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணன் தம்பி தொழிலும் அப்படித்தான் நடந்தது. ஓட்டுவது தம்பி, லோடு கட்டுவது அண்ணன். கேரியரில் எது ஏறும், எத்தனை ஏறும் என்பது அண்ணன் வாக்கு.

ஒரு வாரத்தில் வண்டி தயாரானது. விஜய்பாண்டி அதோடு விடவில்லை. பழைய வேட்டித் துணியில் கட்டைவிரல் அளவுக்குச் சின்ன மூட்டைகள் தைத்து, மணல் நிரப்பி, கேரியரில் அடுக்கி நூலால் இழுத்துக் கட்டினார். ஸ்டாண்டில் எப்படிக் கட்டுவாரோ அதே முடிச்சு. கட்டி முடித்துப் பார்த்தால் நாலு மூட்டை. ஏன் நாலு என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி அவர்கள் ஜீப்பைப் போலவே இருந்தது. அந்தப் பாழாய்ப்போன சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோயர் கேம்ப் ஆற்றோரம் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நாகஜோதி ஒரு பாறையின் மேல் அழகுமலை படத்தைச் சாய்த்து வைத்துப் பூப்போட்டாள். சிக்கந்தர் ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, எந்த விரலால் எதை அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்தான்.

வண்டி வழுக்குப்பாறையில் முன்சக்கரத்தை வைத்தது. மெதுவாக நகர்ந்தது. பாதி ஏறியதும் பின்னுக்குச் சாய்ந்து, மல்லாந்து, உருண்டு வந்து தண்ணீரோரம் விழுந்தது. இரண்டாம் தடவை பக்கவாட்டில் கவிழ்ந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தபோது நாகஜோதியின் முகம் செத்துப்போயிற்று. ரிமோட்டை நீட்டினாள்.

"எனக்குத் தெரியல. நீங்களே ஓட்டுங்க."

"உங்க மேல தப்பில்ல" என்றான் சிக்கந்தர். வண்டியைத் தூக்கி மடியில் வைத்தான். நூலை அறுத்து நாலு மூட்டையையும் எடுத்தான். திருகாணியைக் கழற்றிக் கேரியரையும் எடுத்துப் பாறை மேல் வைத்தான். விஜய்பாண்டியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்:

"அண்ணே, அவன் கிடைக்காம அடிக்கல. வேணாம்னு அடிச்சான். மேல கனம் ஏறுனா ஏத்தத்துல எந்த வண்டியும் நிக்காது. இதச் சொல்லிச் சொல்லியே எங்க உசுர எடுப்பான்."

நாகஜோதி மறுபடி ரிமோட்டை வாங்கினாள். வண்டி ஏறியது. வழுக்குகிற இடத்தில் ஒரு நொடி நின்று, முன்சக்கரம் பிடித்து, உச்சிக்குப் போய் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

விஜய்பாண்டிக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. அவருக்குக் கேட்டது வேறு குரல், விபத்தன்று காலையில் தம்பி சொன்னது. 'அண்ணே, மேல நாலு மூடை வேணாம்ணே. ஏத்தத்துல ஆடுது.' உர மூட்டை, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. எஸ்டேட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று இவர்தான் ஏற்றினார். 'ஏலே, லோடு இருந்தாத்தான்டா பிடிக்கும், எடு வண்டிய' என்று இவர்தான் சொன்னார். அழகுமலை மறுபேச்சுப் பேசாமல் எடுத்தான். இத்தனை நாளும் அவர் தன்னையே ஏமாற்றி வைத்திருந்தார். ரோடு சரியில்லை, மழை ஈரம், அவன் நேரம் என்று ஆயிரம் சமாதானம். இப்போது எதுவும் மிச்சமில்லை.

இப்போதும் அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வண்டி ஏறிவிட்டது. அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

"ஜோதி" என்றார். "அவன் வேகமாப் போகலம்மா. மேல நாலு மூடை ஏத்துனது நான். வேணாம்னான். நான் கேக்கல. என் தம்பிய நானே கொன்னுட்டேன் ஆத்தா."

கை தட்டிய பதினைந்து பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நாகஜோதி ரிமோட்டைப் பாறை மேல் வைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படித் தூற்றியிருந்தால்கூடத் தேவலை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?" என்றாள். "எம்புருசன் எப்படி ஓட்டுவாகன்னு எனக்குத் தெரியாதா? மாயக்காகிட்டச் சொல்லுங்க. ஸ்டாண்டுல வச்சுச் சொல்லுங்க. அத்தன பேருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

மறுநாள் விடிகாலையில் ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். விஜய்பாண்டி பணியாரக் கடை முன்னால் போய் நின்று, கையில் வைத்திருந்த அந்தக் குட்டிக் கேரியரை மாயக்காள் முன்னால் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். முதலில் குரல் எழும்பவில்லை. "சத்தமா" என்று ரோட்டைத் தாண்டி நாகஜோதியின் குரல் வந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னார். டிரைவர்கள் ஒவ்வொருவராக இஞ்சினை அணைத்தார்கள்.

மாயக்காள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"பாவி, ஒரு வருசமா செத்தவன வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனேடா. நீயும் இங்கன நின்னு பணியாரம் வாங்கித் தின்னுக்கிட்டே கேட்டியேடா."

ஆமாம், தின்றார்.

சட்டியில் பணியாரம் கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்த முக்காட்ட எடுத்துட்டு இங்கன வா ஆத்தா" என்றாள். "வந்து எம்பக்கத்துல உக்காரு."